மாரியம்மாளிடம் சொல்லாமல் விட்டது

பிரபு, சுகந்தி,

இரண்டு பேரும் கடைசியில் அப்பாவின் தொழிலுக்கே வந்து சேர்ந்துவிட்டீர்கள். பிரபு மதுரையில் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளன். சுகந்திக்கு, பல்லையும் ஈறையும் சுத்தம் செய்கிற படிப்பில் இது கடைசி வருஷம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். உங்கள் புத்தகத்தில் இருக்கிற வியாதிப் பெயர்கள் இன்றைக்கும் என் வாயில் நுழையாது. ஆனால் இருபத்தெட்டு வருஷம் ஒரே டாக்டரம்மாவிடம், காலையில் ராஜபாளையம், சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறீர்கள்.

கருவியை எப்படிக் கழுவுவது, எச்சில் உறிஞ்சும் குழாயை எந்தப் பக்கம் பிடிப்பது, இதெல்லாம் என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். அதை எழுதப்போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைத்தான் எழுதப்போகிறேன். உங்கள் அம்மாவுக்குக்கூட முழுசாகத் தெரியாது.

அதற்கு முன்னால் ஈறு நோயைப் பற்றி எனக்குப் புரிந்த அளவில் ஒரு வார்த்தை. பல்லில் ஓட்டை விழுந்தால் அது ஊரையே கூட்டிவிடும். ஈறு நோய் அப்படி இல்லை. சத்தமே போடாது. பல் தேய்க்கும்போது கொஞ்சம் ரத்தம் வரும், அவ்வளவுதான். ரத்தத்தைப் பார்த்ததும் ஆட்கள் அந்த இடத்தில் தேய்ப்பதை விட்டுவிடுவார்கள். தேய்க்காத இடத்தில் அழுக்கு படிந்து காரையாக இறுகும். காரைக்குக் கீழே ஈறு வீங்கி, உள்ளே எலும்பு கரையும். வலி கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருத்தர், புட்டு சாப்பிடும்போது விழுந்த பல்லை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தார். "இதுல ஒரு ஓட்டை இருந்தாக் காட்டுங்க டாக்டரம்மா, பாப்போம்" என்று சண்டைக்கு நின்றார். உண்மையிலேயே ஓட்டை இல்லை. டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான்: "மரத்துல குத்தமில்ல சார். அடிமண்ணு அரிச்சுப்போச்சு."

இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நம் ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை உண்டு. அதில் கடைசிக் கட்டத்தில் 'விளக்கம் சொல்லப்பட்டது' என்று டாக்டரம்மா அச்சடித்து வைத்திருந்தார்கள். ஈறு சுத்தம் செய்ய உட்காருகிறவரிடம் நான் மூன்று விஷயம் சொல்லிவிட்டு அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும். காரை போனதும் பல்லுக்கு நடுவில் சந்து தெரியும். பல் முன்னைவிட ஆடுகிற மாதிரி இருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சில வாரம் கூசும். ஏன் இதை நீங்களே சொல்லக்கூடாது என்று ஒருமுறை கேட்டேன். "நான் சொன்னாத் தலையாட்டுவாங்க தங்கராசு. நீங்க சொன்னாத்தான் கேள்வி கேப்பாங்க" என்றார்கள்.

ஆனால் கேள்வி கேட்டவர்களில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். 'சுத்தம் பண்ணினால் பல் ஆடும்' என்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதையே நானும் சொன்னால் உட்காருவார்களா? ஒரே வாரத்தில் மூன்று பேர் போனார்கள். அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் மாரியம்மாள் வந்தாள்.

நாற்பது, நாற்பத்திரண்டு வயசு இருக்கும். சத்திரப்பட்டிப் பக்கம் காயத்துக்குக் கட்டுகிற துணி நெய்கிற விசைத்தறிக் கூடத்தில் வேலை. தறியில் இங்கும் அங்கும் ஓடிக் குறுக்கு நூல் போடுகிற கட்டைக்கு நாடா என்று பெயர். அதில் நூல் தீர்ந்தால் புது நூலை உள்ளே வைத்து, நாடாவின் கண்ணில் உதட்டை வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சுவார்கள். நூல் வெளியே வந்துவிடும். மிச்ச நூலை முன்பல்லால் கடித்துத் துண்டிப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று அவர்களுக்கே தெரியாது. அவளுடைய கீழ் முன்பற்களுக்குப் பின்னால் காரை, சிமெண்டு பூசின மாதிரி ஒரே சுவராக நின்றது. ஈறு சிவந்து, தொட்டால் ரத்தம். முதலில் ஈறுக்கு மேலே தெரிகிற காரையைச் சுத்தம் செய்வது, பிறகு ஈறுக்கு அடியில் மூன்று தடவையாகச் சுத்தம் என்று டாக்டரம்மா முடிவு செய்தார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, வலிக்குமா?"

"ஒண்ணுமில்ல தாயி. செத்த நேரந்தான். பல்லு பளிச்சுன்னு ஆயிரும்."

"ஆடிக்கீடிப் போயிராதே? எனக்கு இந்தப் பல்லுதான் கத்திரிக்கோலு."

நன்றாகப் படியுங்கள் பிள்ளைகளே. அவள் கேட்டாள். நேராகவே கேட்டாள். வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். இவளும் எழுந்து போய்விட்டால் அந்த ஈறு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவள் பயத்தைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. "சே, சே. அதெல்லாம் ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு, கட்டத்தில் டிக் போட்டேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்கே முதல் சுத்தம் முடிந்து அவள் போனாள். நாலாம் நாள் மறுபடி வந்தாள். கூடவே பக்கத்துத் தறியில் வேலை செய்யும் பேச்சியம்மாள். வரிசையில் உட்காரவில்லை, நேரே உள்ளே வந்துவிட்டார்கள். கதவு திறந்தே கிடந்தது.

"டாக்டரம்மா, நல்லா இருந்த பல்ல இப்பிடி ஆட்டி வச்சிட்டியளே! நாலு பல்லும் ஊஞ்சலாடுது. நடுவுல நாக்கு நுழையுது. நூலக் கடிக்கப் போனா உசுரு போகுது."

டாக்டரம்மா விளக்கைத் திருப்பி வாயைப் பார்த்தார்கள். "இப்படி இருக்கும்னு முன்னாடியே சொன்னாங்கல்ல மாரியம்மா? காரைதான் இத்தன நாளா பல்லத் தாங்கிப் பிடிச்சிருந்துச்சு. ஈறு இறுகினா ஆட்டம் கொறையும்."

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்கள். "தங்கராசு, சொன்னீங்களா?"

வெளியே பெஞ்சில் இருந்த எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு விநாடியில் 'இல்லை' என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

"சொன்னேன் டாக்டர். அவிய பயத்துல மறந்திருப்பாவ."

டாக்டரம்மா அட்டையை எடுத்துப் பார்த்தார்கள். "டிக் இருக்கேம்மா. காதுல விழுந்திருக்காது."

மாரியம்மாள் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்தாள். "அப்ப நான்தான் பொய்க்காரியா அண்ணே?"

நான் குனிந்து தட்டில் கருவிகளை அடுக்கினேன். அடுக்கியிருந்ததையே மறுபடி அடுக்கினேன்.

பேச்சியம்மாள்தான் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாக்கா போவம். படிச்சவுகளும் படிச்சவுகளுக்கு வேல பாக்குறவுகளும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. நம்ம பேச்சு இங்க ஏறாது."

பெஞ்சில் இருந்தவர்களில் மூன்று பேர் அவர்களோடு எழுந்து போனார்கள். ஈறுக்கு அடியில் செய்ய வேண்டிய சுத்தத்துக்கு மாரியம்மாள் வரவே இல்லை. அவள் இருந்த தெருவிலிருந்தும் பிறகு யாரும் வரவில்லை.

நாலு மாசம் போயிருக்கும். பேச்சியம்மாள் மட்டும் வந்தாள், கடைவாய்ப் பல் வலி தாங்காமல். கன்னம் வீங்கிக் கிடந்தாலும் வாய் ஓயவில்லை. நான் மெதுவாகக் கேட்டேன், "மாரியம்மா எப்பிடி இருக்கா?"

"இருக்கா. கஞ்சிதான் குடிக்கா. ஈறுல அங்கங்க கட்டி கட்டியா வந்து சீழு வருது. நூல உறிஞ்ச முடியாம பாதி நாளு தறிய நிப்பாட்டிட்டு நிக்கா. மொதலாளி வேற ஆளப் போட்டுருவேன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு."

"இங்க வரச் சொல்லலாமே."

"சொல்லாமயா இருப்பேன்? பொய்க்காரின்னு பேரு வாங்குன எடத்துக்கு எந்த மொகத்த வச்சிக்கிட்டு வரன்னு கேக்கா. நீரே சொல்லும், எந்த மொகம்?"

அன்றைக்கு மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்புகிற நேரம், டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருக்கும்போது முதுகைப் பார்த்துச் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. "டாக்டர், மாரியம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. அவ கேட்டா. ஆடாதுன்னு சொன்னேன்." ஈறில் கட்டி வருவதாகப் பேச்சியம்மாள் சொன்னதையும் சொன்னேன்.

குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்கள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் போகத் தயாராக இருந்தேன்.

"இத எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்கள். "ஈறுல அங்கங்க கட்டி வருதுன்னா வாயில மட்டும் பிரச்சினை இல்ல. போற எடத்துல பாருங்க. அடிக்கடி தண்ணி குடிக்கிறாங்களா, கால்ல கையில ஆறாத புண்ணு இருக்கான்னு."

மறுநாள் காலையில் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

தறிக் கூடத்துக்குள் நீங்கள் போனதில்லை. பதினாறு தறி ஓடினால், பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதைக் காதால் கேட்க முடியாது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். பஞ்சு தூசி புருவத்திலெல்லாம் படிந்து, எல்லாரும் வயசானவர்கள் மாதிரி இருப்பார்கள். மாரியம்மாள் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் காலடியில் இரண்டு பெரிய தண்ணீர் பாட்டில். ஒன்று காலி, ஒன்று பாதி. மணி பத்துகூட ஆகவில்லை. வலது கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தாள்.

"மாரியம்மா, தப்பு எம்மேலதான்" என்றேன்.

காதில் கையை வைத்துக் காட்டினாள், கேட்கவில்லை என்று.

"தப்பு எம்மேல! நான் சொல்லவே இல்ல! பொய் சொல்லிட்டேன்!"

அவ்வளவு சத்தமாக நான் வாழ்க்கையில் எதையும் சொன்னதில்லை. பேச்சியம்மாள் என் உதட்டைப் படித்துவிட்டாள் போலிருக்கிறது. தன் தறியை நிறுத்தினாள். பக்கத்தில் இருந்தவளைத் தட்டினாள். "ஏட்டி, நிப்பாட்டு. பல்லாஸ்பத்திரிக்காரரு ஏதோ சொல்லுதாரு." ஒவ்வொரு தறியாக நின்றது. கடைசித் தறி நின்றதும் வந்த அமைதியில் என் மூச்சு எனக்கே கேட்டது.

மாரியம்மாள் தன் தறியைக் கடைசியாக நிறுத்தியிருந்தாள். "எனக்குக் கேட்டுருச்சு" என்றாள். "அவளுகளுக்குக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். அவள் கேட்டது, நான் சொன்ன பதில், போட்ட டிக், நாலாம் நாள் டாக்டரம்மாவிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "அவ பொய்க்காரி இல்ல. நான்தான்."

ஒருத்தி, "அடப் பாவி மனுசா" என்றாள். பேச்சியம்மாள், "நாலு மாசமா எங்க இருந்தீரு? பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தீரா?" என்றாள். சிலர் சிரித்தார்கள். மாரியம்மாள் சிரிக்கவில்லை.

"அது கெடக்கட்டும். சுத்தம் பண்ணா ஏன் ஆடுச்சு? அதச் சொல்லுங்க."

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொன்னேன். உள்ளே எலும்பு ஏற்கெனவே கரைந்துவிட்டது, காரைதான் பல்லை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்திருந்தது, காரை இருக்கிற வரைக்கும் எலும்பு இன்னும் கரைந்துகொண்டே போகும் என்று. அவள் தன் தறியின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னிடம் இல்லை, மற்றவர்களிடம் சொன்னாள்:

"நம்ம தறி கணக்காத்தான் சொல்லுதாரு. பஞ்சும் ஆயிலும் கட்டியா அடைஞ்சு கெடந்தா நட்டு லூசானது தெரியாது. தொடச்சாத்தான் கடகடன்னு ஆடும். தொடச்சதுனாலயா ஆடுது?"

இருபத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு நன்றாக நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே, அந்த நாற்காலியிலேயே, அவளுக்குப் புரிந்திருக்கும். பயந்து ஓடிவிடுவாள் என்று நானாகத்தான் முடிவு செய்தேன்.

கால் விரலில் என்ன என்று கேட்டேன். நாடா விழுந்து பட்டது, மாசம் ஒன்றாச்சு, ஆறவில்லை என்றாள். தாகம் எப்படி என்றேன். "எம்புட்டுக் குடிச்சாலும் அடங்க மாட்டேங்குது" என்றாள்.

"சக்கரையா இருக்கலாம் தாயி. பாத்துருவோம். நாளைக்கே வா."

"வாரேன். ஆனா ஒண்ணு. எத்தன பல்லு போகும், எம்புட்டு வலிக்கும், எல்லாத்தையும் முன்னாடியே சொல்லணும். ஒண்ணுமில்லன்னு மட்டும் சொன்னீரு, எந்திரிச்சுப் போயிருவேன்."

மறுநாள் அவள் வந்தபோது டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்கள். "அன்னிக்கு நான் அட்டையத்தான் பாத்தேன் மாரியம்மா. உங்க மொகத்தப் பாத்திருக்கணும்" என்றார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னார்கள்.

ரத்தத்தில் சர்க்கரை மிகவும் கூடியிருந்தது. அவளுக்கே தெரியாது. பொது வைத்தியரிடம் அனுப்பி மாத்திரை ஆரம்பித்தார்கள். சீழை எடுத்து ஈறைக் கொஞ்சம் அடக்கி, சர்க்கரை இறங்க இறங்க, ஈறுக்கு அடியில் ஒவ்வொரு பக்கமாகச் சுத்தம் செய்தார்கள். சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரையும் எளிதில் அடங்காது. ஒன்றை விட்டு ஒன்றைப் பார்க்க முடியாது. சுகந்தி, இது உன் புத்தகத்திலும் இருக்கும். ஈறில் இரண்டு மூன்று இடத்தில் கட்டியோடு ஒரு ஆள் வந்தால், வாயை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடாதே.

ஒவ்வொரு தடவையும் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நடக்கப்போவதை எல்லாம் சொன்னேன். ஊசி போடும்போது வலிக்கும் என்றேன். கீழே நடுவில் இருக்கிற இரண்டு பல்லைக் காப்பாற்ற முடியாது என்றேன். அங்கேயே நிறுத்திவிட்டு அட்டையைப் புரட்டினேன். அவள்தான், "சொல்லுங்க அண்ணே, மேல சொல்லுங்க" என்று என்னைத் தேற்றினாள். ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை.

அந்த இரண்டு பல்லும் போய்விட்டன. நாலு மாசம் முன்னால் வந்திருந்தால் நின்றிருக்குமா என்று டாக்டரம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். "தெரியாது தங்கராசு. நின்னிருக்கலாம்" என்றார்கள். இல்லை என்று சொல்லி என்னை ஆறுதல் படுத்தியிருக்கலாம். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்துப் பற்களை மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். மாசங்கள் போகப் போக ஈறு வெளிறி இறுகியது. தொட்டாலே வந்த ரத்தக் கசிவு நின்றது. கால் விரலும் ஆறியது.

மாரியம்மாள் இப்போது நூலைக் கடிப்பதில்லை. இடுப்பில் ஒரு சின்னக் கத்திரி தொங்குகிறது. நாடாவில் நூலை இழுக்க ஒரு கம்பிக் கொக்கி செய்து வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து அந்தக் கூடத்தில் இன்னும் நாலைந்து பேர் செய்துகொண்டார்களாம். கடைசித் தடவை வந்தபோது கண்ணாடியில் சிரித்துப் பார்த்துவிட்டு, "இந்தச் சந்துக்குள்ள நூலு தானா நுழையும் போலிருக்கே. இனிமே கொக்கி எதுக்கு?" என்றாள். பேச்சியம்மாள் வெளியே இருந்து, "ஏக்கா, வாய மூடிக்கிட்டு வா. அடுத்து நான் உக்காரணும்" என்றாள். அவர்களுக்குப் பின்னால் அந்தத் தெருக்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைக்கு மத்தியானம் டாக்டரம்மா முன்னால் காரில் கிளம்பிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு எனக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கருவிகளைப் பெட்டியில் வைத்தேன். விளக்கை அணைத்தேன். பிறகு மறுபடி விளக்கைப் போட்டு, அலமாரியைத் திறந்து, மாரியம்மாளின் அட்டையைத் தேடி எடுத்தேன். முதல் நாள் வரியில், 'விளக்கம் சொல்லப்பட்டது' என்கிற கட்டத்தில், என் டிக் அப்படியே இருந்தது. வேகமாகப் போட்டது, வால் நீண்டு கட்டத்துக்கு வெளியே ஓடியிருந்தது.

அதை அழிக்கவில்லை. சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'சொல்லவில்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். மை காயும் வரை அட்டையைக் கையிலேயே பிடித்திருந்துவிட்டு, இருந்த இடத்தில் வைத்தேன்.